மிதிக்க மிதிக்க அழுத ஸ்பீக்கர்

யோகராசா என்னுடைய அம்ப்பின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்த நல்ல சாமான்களை எடுத்துக்கொண்டு, குப்பையைத் திணித்து மூடிவிட்டார் என்று மூன்று கிழமை முழு மனதாக நம்பினேன்.

நம்பியதோடு நின்றிருந்தால் இந்தக் கிழமைப் பத்தியில் உங்களுக்கு வேறொரு பகிடிக் கதை எழுதியிருப்பேன். நான் நிற்கவில்லை. ஊரெல்லாம் சொன்னேன்.

அம்ப் என்பது பாட்டின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அலுமினியப் பெட்டி. என் காரில் அது பின் சீட்டுக்குக் கீழே படுத்திருக்கும். யோகராசா பாண்டிருப்பில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வாகனங்களுக்கு ஓடியோ பூட்டுகிறவர். நான் சாய்ந்தமருதில் இருக்கும் ஐம்பத்து மூன்று வயது மனிதன். கார் ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியும், பூட்டத் தெரியாது.

காரைதீவுச் சந்தி

அன்று என் மனைவி சபீனாவின் உடன்பிறந்த ராத்தா வீட்டுக்கு, அக்கரைப்பற்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலை வெயில். சபீனாவின் மடியில் சூடு ஆறாத வட்டிலப்பம். காரைதீவுச் சந்தியைத் தாண்டும்போது பாட்டுக்குப் பின்னால் ஙொய்யென்று ஒரு நுளம்பு பாடத் தொடங்கியது.

ஆக்சிலேற்றரை மிதித்தேன். நுளம்பு குளவியானது. இன்னும் மிதித்தேன். குளவி தையல் மெசினானது. காலை எடுத்தேன். மெசின் மெல்ல இறங்கி மறுபடி நுளம்பானது.

"இஞ்ச பாருங்க, காருக்கு எங்கயோ நோவுது போல. மிதிக்க மிதிக்க அழுகுது," என்றாள் சபீனா.

"பாட்டில வாற வயலின் அது."

"வயலினுக்கும் உங்கட காலுக்கும் என்ன சம்பந்தம்?"

நிந்தவூருக்குக் கிட்ட, பாட்டில் மேளம் இறங்குகிற இடத்தில் சத்தம் அடியோடு நின்றது. சபீனா திரும்பிப் பின் சீட்டுக்குக் கீழே பார்த்தாள். பச்சையாக எரியவேண்டிய அம்ப்பின் லைட் சிவப்பாக எரிகிறது என்றாள்.

பதறிப்போனேன். காரை ஓரம் கட்டி பொனட்டைத் திறந்தேன். பாட்டு அங்கிருந்து வருவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கார் றோட்டோரம் நின்றால் பொனட்டைத் திறந்து உள்ளே பார்ப்பது ஒரு மரியாதை. சவளக்கடைப் பக்கத்து உழவு மெசின்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "எஞ்சின் போயிட்டா?" என்றார். "பாட்டு போயிட்டு," என்றேன். அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெட்டி வந்த வழி

ஒரு பெட்டிக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். கட்டாரில் பதினொரு வருடம் வேறு மனிதர்களின் வாகனங்களை ஓட்டினேன். அந்த வாகனங்களில் பாட்டுப் போடுவது என் வேலையில்லை. பின்னால் இருப்பவர் போடுவார், பின்னால் இருப்பவர் நிறுத்துவார். திரும்பி வரும்போது உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி இந்த அம்ப்பைக் கொண்டுவந்தேன்.

பெட்டியைத் திறந்த அன்று சபீனா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மத்த ஆக்கள் ஊட்டுக்குக் கம்பளம் கொண்டுவாறாங்க. இவர் கரண்ட் சாமான் கொண்டு வந்திரிக்கார்."

அதை இந்தப் பழைய காரில் பூட்டியவர் யோகராசா. அவரை எனக்குத் தெரிந்தது பெற்றோல் வரிசையில். நாடே வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், கல்முனையில் என் காருக்கு இரண்டு வாகனம் பின்னால் அவருடைய ஓட்டோ நின்றது. என் காரின் ரேடியோ செத்துக் கிடந்தது. கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அவர் தானாக வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்து, எரிந்த பியூஸ் ஒன்றைக் கண்டுபிடித்து, தன் ஓட்டோவில் இருந்த ஒன்றைக் கழற்றிப் போட்டார். வரிசையில் நின்ற முஸ்லிமும் தமிழும் என் காரைச் சுற்றி நின்று ஒரே ஓவரைக் கேட்டோம். எங்கள் அணி தோற்றது. அதற்கு யோகராசா பொறுப்பில்லை.

அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் சந்தேகித்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

நான் செய்த வைத்தியம்

அக்கரைப்பற்றிலிருந்து வந்த மறுநாள் தொடங்கி நான் ஓடியோ டொக்டரானேன். முதலில் பாட்டுப் போடும் செட்டைத் தட்டினேன். பிறகு பியூஸைக் கழற்றி ஊதிப் போட்டேன். போன் வீடியோவில் ஒருவர் ஏதோ நாட்டிலிருந்து சொன்னதைக் கேட்டு, சபீனாவின் குசினியிலிருந்து வெள்ளித்தாளை எடுத்து வயர்களைச் சுற்றினேன். கார் இடியப்பப் பார்சல் போல இருந்தது. நுளம்பு பாடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதி ஸ்பீக்கரில் ஊதினேன். ஓதியதில் குறையில்லை. ஊதிய இடம்தான் பிழை.

பதற்றத்தில் இருக்கிறவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். என்னுடையது கூடுதலாக வேலை செய்தது. ஒரு மாதத்துக்கு முன் கதவு ஸ்பீக்கர் ஒன்று கிழிந்ததால் காரை ஒரு பகல் முழுக்க யோகராசாவின் கொட்டகையில் விட்டிருந்தேன். ஒரு பகல் போதாதா? சீட்டுக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அம்ப்பின் மூடியில் ஒரு கீறல். நான்கு ஆணிகளில் ஒன்று மற்றவற்றைவிட மினுங்கியது.

எனக்கு அது போதுமாக இருந்தது.

தேத்தண்ணிக் கடையில்

அடுத்த நாள் எங்கள் வழக்கமான தேத்தண்ணிக் கடை வாசலில் காரை நிறுத்தியபோது, என் கூட்டாளி லாபிர் காதைப் பொத்தினான்.

"என்ன மச்சான், கார் வாங்கினயா, மா அரைக்கிற மில் வாங்கினயா?"

"அம்ப்புக்குள்ள இரிந்த நல்ல சாமானெல்லாம் பாண்டிருப்புக்குக் குடி போயிட்டு மச்சான். இப்ப உள்ளுக்க நான் நுளம்பு வளக்கிறன்."

கடையே சிரித்தது. ஒருவருக்குப் புரைக்கேறியது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று பின்னேரம் சலூனில் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் கேற்றடியில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதை இன்னும் நன்றாக வந்தது. மூன்றாவது தடவையில் யோகராசா அம்ப்பைத் திறக்கும்போது விசிலடித்தார் என்றுகூடச் சேர்த்தேன்.

அந்தக் கேற்றடியில் ஒருவர், பெயர் வேண்டாம், சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அவங்கட ஆக்கள் அப்பிடித்தான்."

நான் சொன்னது ஒரு ஆளைப் பற்றி. அவர் சொன்னது ஒரு ஊரைப் பற்றி, தமிழ்ச் சனம் முழுவதையும் பற்றி. அப்போதே "அப்பிடிச் சொல்லாதீங்க" என்றிருக்கலாம். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். செருப்பு என் காலிலேயே இருந்தது.

கொட்டகை

மூன்றாவது கிழமை துணிந்து பாண்டிருப்புக்குப் போனேன். வழி நெடுக வசனம் தயாரித்தேன். "யோகராசா, நான் உங்கள ஒரு சகோதரனா நினைச்சன்" என்று தொடங்குவதாக எண்ணம்.

கொட்டகைக்குள் அவர் தனியாக இருந்தார். நான் எதிர்பார்த்தபடி அங்கே வாகனம் எதுவும் இல்லை. கள்ளனுக்கு ஏது வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்புக்கும் நான்தான் பொறுப்பு.

"வாங்க காக்கா. எஞ்சின நிப்பாட்டாதீங்க, ஓடட்டும்," என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். "நீங்க திரும்பக்குள்ளயே சத்தம் கேட்டிச்சி. எத்தின நாள் இப்பிடி?"

"உங்களுக்குத்தான் தெரியும்," என்றேன். வசனத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டவில்லை. சீட்டுக்குக் கீழே கையை விட்டு, செட்டிலிருந்து அம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் மெல்லிய வயரைக் கழற்றினார். நுளம்பு செத்தது. திரும்பச் சொருகினார். நுளம்பு உயிர்த்தது.

"அம்ப்புக்குள்ள பிழையில்ல," என்றார். "உள்ளுக்கு ஏதும் பழுதெண்டா இதக் கழட்டினாலும் இரைச்சல் நிக்காது."

ஆனாலும், மினுங்கும் ஆணியைப் பற்றிக் கேட்டேன்.

"அது போன வருசம் நீங்களே துலைச்ச ஆணி, காக்கா. வேற போட்டுத் தரச் சொன்னீங்க."

சொன்னேன்தான்.

பிறகு ஒரு நீளமான வயரை எடுத்தார். ஒரு முனையை பெட்டரியின் மைனஸில் கொளுவினார். மற்ற முனையைக் கார்க் கதவுக்குள்ளால் கொண்டுவந்து, அம்ப்பின் எர்த் வயர் ஏறுகிற ஆணியில் தொட்டுப் பிடித்தார். என்னைப் பார்த்து, "மிதிங்க," என்றார். மிதித்தேன். பாட்டு மட்டும் வந்தது. இன்னும் மிதித்தேன். பாட்டு மட்டும்தான். வயரை எடுத்தார். தையல் மெசின் திரும்பி வந்தது.

"எர்த்தில கோளாறு. கரண்ட் அம்ப்புக்குள்ள வந்து, கார்ட இரும்பால திரும்பிப் போகோணும். அந்த வழிய ஏதோ மறிக்கிது. மறிச்சா அது பாட்டு வாற வயரால திரும்பப் பாக்கும். எஞ்சின்ட இரைச்சலும் அதோட சேந்து வரும். மேளம் அடிக்கக்குள்ள கரண்ட் காணாம அம்ப் நிக்கும்." கையைத் துடைத்தார். "பின் சீட்டக் கழட்டினீங்களா காக்கா?"

"இல்லையே," என்றேன்.

ஐம்பத்து மூன்று வயதில், ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்திருக்கும் ஒரு மனிதன், ஒரு சீட்டுக்காகப் பொய் சொன்னான்.

அவர் சீட்டைக் கழற்றினார். கம்பளத்தைச் சுருட்டினார். கீழே கார்த் தரை முழுக்கப் பச்சை.

நான் மறைத்தது

இதைச் சபீனாவும் இன்றுதான் வாசிக்கிறாள்.

புதுச் சீட் கவர் போட்ட பிறகு காரில் மீன் ஏற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாள் மருதமுனைக் கரையில் தோணி வந்த நேரம், கண்ணாடி போல ஒரு சூரையைக் கண்டேன். சொப்பின் பேக்கில் போட்டுப் பின்னால் வைத்தேன். பேக் கிழிந்து, ரத்தமும் ஐஸ் தண்ணீரும் கம்பளத்துக்குள் இறங்கின. சபீனா தாயின் வீட்டில் இருந்த பகலில் சீட்டைக் கழற்றி, கம்பளத்தைப் பிரித்து, கழுவிக் காயவைத்தேன். அம்ப்பைத் தூக்குவதற்காக அதன் எர்த் வயரையும் தரையிலிருந்து கழற்றினேன்.

கழுவும்போது தரையில் ஓரிடத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டு வெறும் இரும்பு தெரிந்தது. எங்கள் கரையில் வெறும் இரும்பைக் கண்டுவிட்டுச் சும்மா போக யாராலும் முடியாது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும். பெருநாளுக்குப் பெருநாள் கேற்றுக்குப் பெயின்ட் அடிக்காத வீடு இல்லை. நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய பச்சைப் பெயின்ட்டில் அரை டின் மிச்சம் கிடந்தது. துரு பிடித்துவிடும் என்று தரைக்கு இரண்டு தரம் பூசினேன். அந்தச் சுரண்டிய இடத்துக்கு மூன்று தரம்.

நல்ல காரியம் செய்த திருப்தியில் எல்லாவற்றையும் பூட்டினேன். மூன்று நாள் கழித்து அக்கரைப்பற்றுக்குப் போனோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு தரமும் தோன்றவில்லை. மறைத்த ஒன்றை நான் என்னிடமிருந்தும் மறைத்துவிட்டேன்.

தெரியும்

யோகராசா குந்தியிருந்து அந்தப் பச்சையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கேற் பெயின்ட்," என்றார்.

"ஓம்."

"நல்லாத்தான் அடிச்சிரிக்கிங்க."

அதைவிட ஏசியிருக்கலாம். எர்த் வயரைக் கழற்றி, மண்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து இரும்பை வெளியே எடுத்து, திரும்ப இறுக்கினார். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மீற்றரை வைத்துக் காட்டினார். முதலில் ஒன்றுக்குக் கிட்ட நின்ற எண் இப்போது பூச்சியத்தில் நின்றது. தேத்தண்ணி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஆக்சிலேற்றரை மிதித்தேன். பாட்டு, பாட்டாகவே வந்தது.

சீட்டைப் பூட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சம்மாந்துறை ஹாஜியார் மூணு வேன் தாறன் எண்டிருந்தார். ஓடியோ பூட்ட. இந்த மாசத்து வேல முழுக்க அதுதான். இப்ப வேணாமாம். நான் அம்ப் மாத்திற ஆளாம்."

கொட்டகை ஏன் காலியாக இருந்தது என்று அப்போது விளங்கியது.

"ஆர் சொன்ன எண்டு தெரியுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தெரியும், காக்கா."

அவர் ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. "அப்ப அந்த ஆளுக்கு இந்த ஸ்பானரால ஒண்டு குடுக்கணும்," என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காரில் ஏறி, காரைத் திருப்பி வெளியே எடுத்தேன்.

நம்பாத சனம்

அன்றே தேத்தண்ணிக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சூரை மீன், பெயின்ட், பொய், எல்லாம். கடை முன்னரைவிடக் கூடுதலாகச் சிரித்தது.

"கார்த் தரைக்குக் கேற் பெயின்ட் அடிச்சயா? நீ எழும்பி நிண்டு சொல்லு மச்சான், இது முன்னையத விட நல்லாரிக்கி," என்றான் லாபிர்.

"பகிடியில்ல லாபிர். அல்லாஹ்வுக்காகச் சொல்றன், அந்த மனிசன் ஒண்டும் எடுக்கல்ல."

"திமிங்கிலத்துக்கும் நீ அப்பிடித்தான் சத்தியம் பண்ணின."

உண்மை. மருதமுனையில் திமிங்கிலம் கரை ஒதுங்கிக் கிடக்கிறது என்று ஒருமுறை முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்லி, இதே கடையில் பாதிப் பேரை மோட்டார் சைக்கிளில் ஓடவைத்தவன் நான். மூலையிலிருந்து ஒருவர், "யோகராசா வந்து வெருட்டினானோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறக்கத் திறக்க யோகராசாவின் பெயர் இன்னும் கெட்டது.

மறுநாள் சம்மாந்துறைக்குப் போனேன். வேன்கார ஹாஜியார் நெல் மூடைகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருந்தார். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, யோகராசா கள்ளன் எண்டதும் உங்கட வாயாலதான் வந்த. கள்ளன் இல்ல எண்டதும் உங்கட வாயாலதான் வருது. நான் எதக் கேக்கிற?"

மூன்று வேன்களையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கொடுத்த வாக்கை இனி மாற்ற முடியாது என்றார்.

அங்கிருந்து நேரே பாண்டிருப்புக்குப் போனேன். இம்முறை வசனம் தயாரிக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே, "நான்தான் சொன்னன் யோகராசா. என்ன மன்னிச்சிக்கங்க," என்றேன்.

அவர் ஒரு ஸ்பீக்கரின் கிழிந்த கடதாசிக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன காக்கா? எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்க."

"சொன்னன். நம்புறாங்க இல்ல."

"அப்ப எழுதுங்க. கிழமைக்குக் கிழமை எழுதுறீங்கதானே."

"உங்கட பேரப் போட்டு எழுதட்டா?"

"போடுங்க. அது ஏற்கெனவே ஊரெல்லாம் போயிட்டுதானே."

நடந்தது

இந்தப் பக்கத்தைச் சிரிப்பதற்காக வாசிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். இனி வருவதைச் சிரிக்காமல் வாசியுங்கள். இதைப் படித்துவிட்டு யாராவது லாபிருக்கும் காட்டுங்கள்.

என் காரில் இருப்பது நான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த அதே அம்ப். அதற்குள் ஒரு சாமானும் மாறவில்லை. யோகராசா அதைப் பூட்டிய நாளில், எர்த் வயருக்காகத் தரையின் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் சரியாகவே இறுக்கியிருந்தார். அந்த வயரைக் கழற்றியது நான். அந்த இரும்பின் மேல் பெயின்ட் அடித்ததும் நான். பெயின்ட்டின் மேல் வயரைத் திரும்பப் பூட்டியதும் நான்தான்.